சங்கீதம் வல்லாரை லேகியம் அல்ல

பாட்டு கற்றுக்கொண்டால் பிள்ளைக்கு மூளை சுறுசுறுப்பாகும், கணக்கு நன்றாக வரும், நினைவாற்றல் கூடும் என்ற பேச்சு இன்று யாரும் கேள்வி கேட்காத உண்மையாக நடமாடுகிறது. கீபோர்டு வகுப்பின் நோட்டீஸில் அது இருக்கிறது. கர்ப்பிணிகள் கேட்க வேண்டிய வீணை இசை என்று விற்கிற குறுந்தகட்டின் உறையில் இருக்கிறது. பள்ளி ஆண்டு விழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினரின் பேச்சிலும் தவறாமல் இருக்கிறது. இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு நம்பிக்கையும் உண்டு: நன்றாகப் பாடுகிறவர், வாசிக்கிறவர் இயல்பிலேயே கூர்ந்த மதி படைத்தவராகத்தான் இருப்பார் என்பது. ஐன்ஸ்டைன் வயலின் வாசித்தார், அப்துல் கலாம் வீணை வாசித்தார் என்று இரண்டு பெயரைச் சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. இரண்டு நம்பிக்கையும் தவறு என்பது என் கட்சி. இசைத்திறனுக்கும் நுண்ணறிவுக்கும் இடையே மெல்லிய தொடர்பு ஒன்று இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆய்வுகளில் அது திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஆனால் இசை போய் அறிவை வளர்த்ததால் அந்தத் தொடர்பு உண்டானது என்று காட்டச் சான்று இல்லை. காட்ட முயன்றவர்கள் கவனமாகச் சோதிக்கச் சோதிக்க, கையில் இருந்த சான்றும் கரைந்துபோயிருக்கிறது.

முதல் நம்பிக்கையின் இன்றைய வடிவத்துக்குப் பிறந்த ஆண்டையே சொல்லிவிடலாம். 1993-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் ஒரு பக்கக் குறிப்பு வந்தது. எழுதியவர்கள் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த ஃபிரான்சிஸ் ரவுஷர், கார்டன் ஷா, கேத்ரின் கை ஆகிய மூவர். 36 கல்லூரி மாணவர்கள். மோட்ஸார்ட் இரண்டு பியானோக்களுக்காக எழுதிய, கே. 448 என்று எண்ணிடப்பட்ட சொனாட்டாவை அவர்கள் 10 நிமிடம் கேட்டார்கள்; இன்னொரு முறை உடலைத் தளர்த்தச் சொல்லும் ஒலிப்பதிவைக் கேட்டார்கள்; வேறொரு முறை சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும், மடித்து வெட்டிய காகிதத்தைப் பிரித்தால் எப்படி இருக்கும் என்று மனக்கண்ணில் கண்டு சொல்கிற மாதிரியான சோதனை. மோட்ஸார்ட் கேட்ட பிறகு எழுதியதில், ஐ.க்யூ. கணக்கில் 8, 9 புள்ளி கூடுதல். கால் மணி நேரத்துக்குள் அந்தக் கூடுதலும் மறைந்துவிட்டது. அந்தக் குறிப்பில் குழந்தைகள் இல்லை. யாரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. நிலையான அறிவு வளர்ச்சி என்ற பேச்சும் இல்லை. ஆனால் 1997-இல் டான் கேம்பெல் ‘மோட்ஸார்ட் விளைவு’ என்ற பெயரிலேயே ஒரு புத்தகம் போட்டு விற்றார். 1998-இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் ஜெல் மில்லர், மாநிலத்தில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் செவ்வியல் இசைப் பதிவு ஒன்றைக் கொடுக்க 1,05,000 டாலர் வேண்டுமென்று சட்டமன்றத்தில் கேட்டார். உறுப்பினர்களைச் சம்மதிக்கவைக்க அங்கேயே இசையைப் போட்டுக் காட்டினார்; போட்டது மோட்ஸார்ட்கூட இல்லை, பீத்தோவன்.

அதற்கு அடுத்த ஆண்டே கட்டடம் சரியத் தொடங்கியது. கிறிஸ்டோபர் சாப்ரிஸ் அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, விளைவு மிகச் சிறியது என்றார். கென்னத் ஸ்டீலும் கூட்டாளிகளும் அதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள், கூடுதல் எதுவும் கிடைக்கவில்லை. இவற்றைவிட எனக்குப் பிடித்தது கனடாவில் கிறிஸ்டின் நன்டே, கிளென் ஷெல்லன்பெர்க் இருவரும் செய்த ஒரு சின்னச் சோதனை. மாணவர்களுக்கு ஒரு முறை மோட்ஸார்ட்டைப் போட்டார்கள், இன்னொரு முறை ஸ்டீஃபன் கிங் எழுதிய கதையை வாசித்துக் காட்டினார்கள். இசை பிடித்தவர்கள் இசைக்குப் பிறகு நன்றாகச் செய்தார்கள், கதை பிடித்தவர்கள் கதைக்குப் பிறகு. 2001-இல் வந்த இன்னொரு ஆய்வில் மோட்ஸார்ட்டுக்கு எதிராக அல்பினோனியின் பெயரில் வழங்கும் சோகமான, மெதுவான அடாஜியோவை வைத்தார்கள். அதைக் கேட்டவர்களுக்குப் பலன் இல்லை. மனம் உற்சாகமாகவும் விழிப்பாகவும் இருந்தால் கொஞ்ச நேரத்துக்குச் சோதனையை நன்றாக எழுதலாம், அந்த உற்சாகம் எங்கிருந்து வந்தாலும் சரி என்பதுதான் இதிலிருந்து தெரிவது. 2010-இல் வியன்னா பல்கலைக்கழகத்தார் ஏறத்தாழ 40 ஆய்வுகளையும் 3,000 பேரையும் சேர்த்து எடைபோட்டு, மோட்ஸார்ட்டுக்கென்று தனி மகிமை எதுவும் இல்லை என்று கணக்கை முடித்தார்கள்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சி ஓர் அடி பின்வாங்கி நின்றுகொள்ளும். சும்மா கேட்டால் போதாது, முறையாகக் கற்றால்தான் பலன் என்று சொல்லும். இது முன்னதைவிடக் கனமான வாதம்; இதற்குச் சான்றாக நல்ல ஆய்வு ஒன்றும் இருக்கிறது. மேலே சொன்ன அதே ஷெல்லன்பெர்க் டொராண்டோவில் நடத்தி 2004-இல் வெளியிட்டது. ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேர், குலுக்கல் முறையில் நான்கு குழுக்கள். ஒரு குழுவுக்கு கீபோர்டு, ஒன்றுக்கு வாய்ப்பாட்டு, ஒன்றுக்கு நாடகம், கடைசிக் குழுவுக்கு எதுவும் கிடையாது. 36 வாரம் கழிந்து பார்த்தால் இசை கற்றவர்களின் ஐ.க்யூ. சராசரியாக 7 புள்ளி ஏறியிருந்தது. இந்த 7 என்ற எண்ணைத்தான் விளம்பரங்கள் பிடித்துக்கொண்டன. இசை கற்காத குழந்தைகளுக்கும் 4.3 புள்ளி ஏறியிருந்தது என்பதை அவை சொல்வதில்லை. எல்லோரும் அந்த ஆண்டுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். ஏற்றத்தின் பெரும்பங்கு ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குச் சேர வேண்டியது. மீதி 2.7 புள்ளி. ஓர் ஆண்டு பாட்டு வகுப்புக்கு, அதுவும் கனடாவின் பேர்பெற்ற ராயல் கன்சர்வேட்டரி ஆசிரியர்களிடம் கற்றதற்கு, கிடைத்தது அவ்வளவே. ஒரே குழந்தை இரண்டு நாளில் இரண்டு முறை ஐ.க்யூ. சோதனை எழுதினால் அதைவிடப் பெரிய வித்தியாசம் வரலாம். சராசரி என்பதால் 2.7-ஐ ஒதுக்கிவிட முடியாது, சரி. ஆனால் அதை அடித்தளமாக வைத்து ஒரு வாழ்க்கைத் திட்டம் போடவும் முடியாது.

பிறகு வந்தவை அதையும் மிச்சம் வைக்கவில்லை. 2013-இல் ஹார்வர்டில் சாமுவேல் மேர் குழுவினர் நான்கு வயதுப் பிள்ளைகளை வைத்து இரண்டு சோதனைகள் நடத்தினார்கள். இசை வகுப்புக்கு அறிவு வளர்ச்சியில் நிலையான பலன் எதுவும் தென்படவில்லை. இங்கிலாந்தில் 900-க்கும் மேற்பட்ட இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வயலின், செல்லோ, பாட்டு, நாடகம் என்று பிரித்துக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். 2015 அறிக்கையின்படி கணக்கிலும் வாசிப்பிலும் இசைக் குழுவினர் நாடகக் குழுவினரை முந்தவில்லை. ஜோவானி சாலா, ஃபெர்னான் கோபே இருவரும் 2020-இல் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 குழந்தைகளை ஒன்றுசேர்த்து அலசினார்கள். குலுக்கல் முறையில் பிரிக்காத ஆய்வுகளிலும், ஒப்பீட்டுக் குழுவுக்கு எந்த வேலையும் கொடுக்காத ஆய்வுகளிலும் இசைக்குப் பலன் தெரிந்தது. ஒழுங்காகப் பிரித்து, மற்றக் குழுவுக்கும் ஓவியமோ நாடகமோ கற்பித்த ஆய்வுகளில் அது ஏறக்குறைய பூஜ்யம். இந்த வரிசைதான் என்னை நம்பவைப்பது. ஒரு விளைவு உண்மையானால், ஆய்வு கறாராக ஆக ஆக அது தெளிவாகத் தெரிய வேண்டும். இங்கே தலைகீழாக நடக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த பிகானும் டில்மனும் 2022-இல் அதே தரவை மறுபடி அலசி, சிறு பலன் மிஞ்சத்தான் செய்கிறது என்று வாதிட்டதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் சொல்வதே சரியென்று வைத்துக்கொண்டாலும், எஞ்சுவது நிபுணர்கள் பூதக்கண்ணாடி வைத்துச் சண்டை போடுகிற அளவு. நோட்டீஸில் அச்சடிக்கிற அளவு அதுவல்ல.

அப்படியானால் இசை கற்ற பிள்ளைகள் வகுப்பில் முதலில் நிற்பது எப்படி? நிற்கிறார்கள், அது கண்கூடு. ஆனால் யார் இசை கற்க வருகிறார்கள் என்று பாருங்கள். மாதக் கட்டணம் கட்ட முடிகிற வீடு. மாலையில் கொண்டுவந்து விட்டு, காத்திருந்து கூட்டிப்போக ஆள் இருக்கிற வீடு. தினமும் அரைமணி நேரம் உட்காரவைத்துச் சாதகம் செய்யவைக்கிற வீடு. அதே வீடுதான் கணக்குக்கும் டியூஷன் வைக்கிறது. புதியதை விரும்பித் தேடுகிற சுபாவமும் சொன்னதைச் செய்து முடிக்கிற சுபாவமும் உள்ள பிள்ளைகளே இசை வகுப்பில் நெடுநாள் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ஷெல்லன்பெர்க் குழுவே பிறகு காட்டியது. அந்தச் சுபாவம் பரீட்சையிலும் கைகொடுக்கும். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு: ஒரே கருவில் உண்டான இரட்டையர். மரபணு ஒன்று, வீடு ஒன்று. ஒருவர் ஆயிரக்கணக்கான மணி நேரம் வாத்தியம் பழகியிருக்கிறார், மற்றவர் பழகவில்லை. இசை அறிவை வளர்க்குமென்றால் முதலாமவர் ஐ.க்யூ. சற்றாவது உயர்ந்திருக்க வேண்டும். ஸ்வீடனில் மிரியம் மோசிங், ஃபிரெட்ரிக் உல்லேன் ஆகியோர் ஆயிரக்கணக்கான இரட்டையரை வைத்து இதைப் பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். உயரவில்லை. அதிகம் பழகியவரும் பழகாதவரும் ஒரே மாதிரிதான் இருந்தார்கள்.

மூளைப் படத்தைக் காட்டி வாதிடுகிறவர்கள் அடுத்து வருவார்கள். ஏழு வயதுக்கு முன் பயிற்சி தொடங்கிய இசைக்கலைஞர்களின் மூளையில், இரு அரைக்கோளங்களையும் இணைக்கிற பாலத்தின் முன்பகுதி பெரிதாக இருப்பதை காட்ஃபிரீட் ஷ்லாக் 1995-இல் காட்டினார். அது நல்ல ஆய்வு. ஆனால் எதைத் தொடர்ந்து பழகினாலும் மூளை அதற்கேற்ப மாறத்தான் செய்யும். லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களுக்கு ஊரின் சந்துபொந்தெல்லாம் மனப்பாடம். அவர்கள் மூளையில் இட நினைவுக்கான ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெருத்திருப்பதை எலினார் மக்வயர் 2000-இல் கண்டார். அப்படிப்பட்ட ஓட்டுநர்கள் புதிய உருவம் ஒன்றை நினைவில் வைத்து வரையும் சோதனையில் பஸ் ஓட்டுநர்களைவிடப் பின்தங்கினார்கள் என்பது அவரே பிறகு கண்டது. பழகிய காரியத்துக்குத் தோதாக மூளை வளைந்துகொடுக்கிறது என்பது வேறு, எல்லாக் காரியத்துக்கும் கூர்மை கூடுகிறது என்பது வேறு. இசைப் பயிற்சியால் காது கூர்மையாகலாம், ஸ்வர நுணுக்கம் பிடிபடலாம், பேச்சொலியின் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுப் பிரிப்பதுகூட எளிதாகலாம். கிட்டத்திலிருக்கிற இந்தப் பலன்களை நான் மறுக்கப்போவதில்லை. அங்கிருந்து அல்ஜீப்ராவுக்கு ஒரே தாவாகத் தாவுவதைத்தான் மறுக்கிறேன்.

அல்ஜீப்ரா என்றதும் நம்மூர் ரசிகர் ஒருவர் எழுந்து, தாளமே கணக்குதானே, லயம் கற்றவனுக்குக் கணக்கு வராமல் எப்படி இருக்கும் என்று கேட்பார். கோர்வை என்கிற தாளச் சொற்கட்டு ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நான்கு மாத்திரை, ஆவர்த்தனத்துக்கு 32. அரை ஆவர்த்தனத்தில் 16. ‘ததிங்கிணதொம்’ ஐந்து மாத்திரை; மூன்று முறை சொன்னால் 15. ஆகவே அரை ஆவர்த்தனம் மிச்சமிருக்கும்போது ஒரு மாத்திரை விட்டு எடுத்தால் நேராகத் தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழும். இதிலுள்ள கணக்கு இரண்டாம் வகுப்புக் கணக்கு. இதைவிடப் பல மடங்கு சிக்கலான கோர்வைகளிலும் பென்சிலும் காகிதமும் கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பையன் கூட்டிக் கழித்துச் சரிபார்த்துவிடுவான். அவனால் முடியாதது, பாடகர் கொஞ்சம் இழுத்துவிட்டாலும் தாளத்தின் ஓட்டத்தை உடம்பில் தாங்கி, அந்த ஒற்றை மாத்திரை இடைவெளியை விரல் நுனியில் உணர்ந்து, நூறு பேர் தலையாட்டும்படி வந்து இறங்குவது. அது சாதகத்தில் வருவது. யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலில் இருந்த லயத்தை எண்கணிதமாக எழுதிக் காட்டலாம், எழுதிக் காட்டுகிறவர் அதனால் தவில் வித்வானாகிவிடமாட்டார். எதிர்த்திசையிலும் இதே கதைதான். மிருதங்கத்தின் மேற்சுருதிகள் ஒன்றோடொன்று இயைந்து ஒலிப்பதன் காரணத்தை சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அந்த இயைபை வலந்தலை என்ற வலப்பக்கத் தோலில் கரணை என்ற கருஞ்சாந்தைப் பூசிப் பூசிக் காதால் கேட்டே உண்டாக்கிய மிருதங்கத் தொழிலாளிகளுக்கு எந்தச் சமன்பாடும் தேவைப்படவில்லை.

இனி இரண்டாவது நம்பிக்கை: இசைத்திறன் இருந்தால் அறிவும் இருக்கும் என்பது. சார்லஸ் டார்வின் தம் சுயசரிதையில் எழுதியிருப்பது இங்கே நல்ல சாட்சி. கேம்பிரிட்ஜில் படிக்கும்போது அவருக்கு இசையில் அப்படி ஒரு மோகம். கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்துப் பாடலைக் கேட்கும்போது முதுகுத்தண்டு சிலிர்க்குமாம், பாடகர் சிறுவர்களைக் காசு கொடுத்துத் தம் அறையிலேயே பாடச் சொல்லிக் கேட்பாராம். ஆனால் மெட்டு அடையாளம் தெரியாது, தாளம் நிற்காது. நண்பர்கள் இதை வைத்து விளையாடியிருக்கிறார்கள்: தெரிந்த பாட்டைச் சற்று வேகமாகவோ மெதுவாகவோ வாசித்து இது என்ன பாட்டு என்று கேட்டால் டார்வின் திணறுவார், தேசிய கீதம் உட்பட. உயிரியலையே புரட்டிப்போட்ட மூளைக்கு இந்த நிலை. பிறவியிலேயே சுருதி பிடிபடாதவர்களை மொன்ட்ரியாலில் இசபெல் பெரெட்ஸ் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். அவர்களுக்குப் பேச்சிலும் நினைவிலும் படிப்பிலும் குறை ஏதும் இல்லை. மறுபுறம், ‘பிளைண்ட் டாம்’ என்று அறியப்பட்ட தாமஸ் விக்கின்ஸ். 1849-இல் அடிமையாகப் பிறந்தவர், கண்பார்வை இல்லாதவர். பேச்சும் அன்றாடக் காரியங்களும் சரியாக வசப்படாத இவர், ஒருமுறை கேட்டதைப் பியானோவில் அப்படியே வாசித்துக் காட்டி, வெள்ளை மாளிகைவரை போய் வாசித்தார். சம்பாதித்த பணத்தின் பெரும்பகுதி அவரை வைத்திருந்தவர்களுக்குப் போனது. அவர் பிறந்தது ஜார்ஜியாவில்; சுமார் 150 ஆண்டு கழித்து, பிறக்கிற குழந்தைகளுக்கு இசையூட்டி அறிவு வளர்க்கப் புறப்பட்டாரே ஓர் ஆளுநர், அதே ஜார்ஜியா. மரபணுக் குறைபாட்டால் வருகிற வில்லியம்ஸ் நோய்க்குறி உள்ளவர்களின் ஐ.க்யூ. பெரும்பாலும் 70-க்குக் கீழே. அவர்களில் பலர் இசையில் காட்டுகிற ஈடுபாடும் லயிப்பும் மற்றவர்களை வியக்கவைக்கும். இவை விதிவிலக்குகள்தானே என்று கேட்கலாம். ஆம், விதிவிலக்குகள்தான். இரண்டு திறனும் ஒரே பொருளாக இருந்தால் இந்த விதிவிலக்குகளே சாத்தியமில்லை என்பதற்காகத்தான் இவற்றைச் சொல்கிறேன். ஐன்ஸ்டைனும் கலாமும்கூட ஒருவகை விதிவிலக்கே: வயலின் வாசிக்கத் தெரிந்த லட்சக்கணக்கானவர்களில் சார்பியல் கண்டவர் ஒருவர்.

இதிலிருந்து தப்ப இன்னொரு வாசல் உண்டு. ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் சொன்னபடி நுண்ணறிவு பலவகை, இசையறிவும் அதில் ஒன்று என்று சொல்லிவிடலாம். பெருந்தன்மையான யோசனை, பிளைண்ட் டாமும் அறிவாளியாகிவிடுகிறார். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் ஆரம்பத்தில் சொன்ன நோட்டீஸைக் கிழித்துப்போட வேண்டியிருக்கும். இசையறிவு தனி வகை, கணக்கறிவு தனி வகை என்றால், ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்க முடியாது. இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்கிறவர்கள் தங்கள் வாதத்தையே காலால் தட்டிவிடுகிறார்கள்.

நம்பிக்கை தவறாகவே இருக்கட்டும், அதனால் நாலு பிள்ளைகள் பாட்டுக் கற்கிறார்கள் என்றால் என்ன கேடு என்று சிலர் சமாதானம் பேசுவார்கள். கேடு இருக்கிறது. கணக்கு மதிப்பெண்ணுக்காகக் கற்கிற பாட்டு பத்தாம் வகுப்பு வந்ததும் நின்றுவிடுகிறது. வந்த வேலை முடிந்தது, அல்லது முடியாது என்று தெரிந்துவிட்டது. பள்ளியில் இசை ஆசிரியர் பணியிடத்துக்கு இதையே நியாயமாகச் சொன்னால், அதே மதிப்பெண்ணை அபாகஸ் வகுப்பு மலிவாகக் கொடுக்கும் என்று நாளைக்கு ஒரு நிர்வாகி சொல்வார், அவருக்குப் பதில் சொல்ல வாயிருக்காது. இதைவிடப் பெரிய கேடு மதிப்பீட்டில் நேர்கிறது. இசைக்கு அறிவே ஆதாரம் என்று ஆனபின், பள்ளிப்படிப்பு அதிகமில்லாமல் குருகுலத்தில் ஊறி வந்த நாகஸ்வர, தவில் வித்வான்களை என்ன சொல்லி விளக்குவது? கடவுள் கொடுத்த வரம் என்று சொல்லிவிடுகிறோம். விடியற்காலையில் தொடங்கிய பத்து, பதினைந்து வருடச் சாதகம் அந்த ஒரு சொல்லில் காணாமல் போகிறது. நன்றாகப் பாடுகிற பிள்ளை பரீட்சையில் தோற்றால் அதன் பாட்டையும் சந்தேகிக்கிறோம். கணக்கில் நூறு வாங்குகிற பிள்ளைக்குச் சுருதி சேராவிட்டால் முயற்சி போதவில்லை என்று திட்டுகிறோம். வல்லாரை லேகியம் சாப்பிடுகிறவன் அதன் ருசியைக் கேட்பதில்லை, பலனைத்தான் கேட்கிறான். தோடி ராகத்தை அப்படிக் கேட்கிறவனுக்குத் தோடி காதில் விழப்போவதில்லை.

டொராண்டோ ஆய்வில் இன்னும் ஒரு முடிவு இருக்கிறது. மற்றவர்களோடு இணக்கமாகப் பழகும் தன்மையில் நாடகம் கற்ற குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள். இசை கற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. அதுவும் அதே கட்டுரையில்தான் அச்சாகியிருக்கிறது. அதைப் படித்துவிட்டு எந்த ஆளுநரும் நாடகத்துக்குப் பணம் ஒதுக்கச் சொல்லவில்லை, எந்த நோட்டீஸும் அச்சாகவில்லை.